சுவரில் பூசிய பவுடர்

குளியலறையில் விழுந்த அன்று, “யாரோ தள்ளின மாதிரி இருந்துச்சும்மா” என்றார் அப்பா. நான் சிரித்துவிட்டேன்.

எதையும் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நிற்கப் பழகினால் இனி விழமாட்டார் என்றார் பிசியோதெரபிஸ்ட். போன வாரம்வரை தள்ளாடிய மனுஷன், இப்போது தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொக்கு மாதிரி நிற்கிறாராம். நம்புவேனா? தரையில் சிந்தினால் வழுக்கும் என்று, சுவரில் மட்டும் முகப் பவுடரைப் பூசிவைத்தேன்.

பயிற்சி முடிந்து கதவு திறந்தது. சுவரில் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன.

“மாட்டிக்கிட்டீங்களா? இது யாரு கையாம்?”

“நான் எதையும் பிடிக்கலம்மா.” இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒரு துளி பவுடர் இல்லை.

கோபித்துக்கொண்டு குளியலறைப் பக்கம் திரும்பி நடந்தார். அவர் சட்டையின் நடுமுதுகில், வெள்ளையாக, ஒரு உள்ளங்கை.