பவுனம்மாளுக்குப் போட்ட நாற்காலி

மூன்று மாசமாய்ப் பவுனம்மாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். இதுவரை ஒருத்தருக்கு ஓர் இலை கிள்ளிக் கொடுத்ததில்லை.

நர்ஸ் ரேச்சலுக்கு வயிறு எரிந்தது. எண்ணூர்ப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் அந்த ஒரு நாற்காலியைப் போட வைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமா?

ஆற்றில் இறங்கி வெறுங்கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் சனம், கூப்பிடு தூரத்தில் குடியிருந்தும் இந்தப் படி ஏறாது. பிரசவம்கூடக் குடிசையில்தான். போன வருஷம் ஒரு பெண் அப்படியே செத்தும் போனாள். அவர்களுக்குக் காலங்காலமாகப் பச்சிலை கொடுக்கிற குடும்பம் பவுனம்மாளுடையது. அவளையே டாக்டர் பக்கத்தில் உட்கார வைப்போம், அவள் மருந்தும் நம் மருந்தும் சேர்ந்தே போகட்டும் என்று ரெண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அனுமதி வாங்கியது ரேச்சல்தான்.

சனம் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வந்தவர்களுக்குப் பவுனம்மாள் என்ன செய்தாள்? நாக்கை நீட்டச் சொல்வாள், நாடி பிடிப்பாள், டாக்டரிடம் போகச் சொல்லிவிடுவாள். இருமலா, கால் வீக்கமா, எல்லாவற்றுக்கும் அதே கதை. கேட்டால் இலை கிடைக்கவில்லை என்று ஒரே பதில்.

மற்ற நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வித்தையை வெளியே விட மனசில்லை, இங்கே சும்மா உட்கார்ந்துவிட்டு வீட்டில் ரகசியமாக மருந்து விற்கிறாள் என்றார்கள். ரேச்சல் முதலில் நம்பவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி, இதுவரை எத்தனை பேருக்கு மூலிகை கொடுத்தீர்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஒருத்தருக்கும் இல்லை என்று சொல்வதற்குள் அவளுக்கு மானமே போய்விட்டது. ஒத்துழைப்பு இல்லை, நீக்கிவிடலாம் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

உத்தரவு நாலே நாளில் வந்தது. ரெண்டு வருஷம் இழுத்தடித்த அதே ஆபீஸிலிருந்துதான். பவுனம்மாள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமைதோறும் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை. அந்தப் புதன் இருளர் குடியிருப்பிலிருந்து ஒருத்திகூட வரவில்லை. அடுத்த புதனும் இல்லை. அவர்களில் மலர் என்கிற பெண்ணுக்கு எட்டாம் மாசம், பிரஷர் வேறு எகிறிக்கொண்டிருந்தது. மாத்திரை நின்றால் தாயும் மிஞ்ச மாட்டாள், பிள்ளையும் மிஞ்சாது. ரேச்சல் மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு தானே கிளம்பினாள்.

மலர் வாசலிலேயே மறித்துக்கொண்டாள். மாத்திரையைக் கையால் தொடவில்லை. ரேச்சல் கெஞ்சினாள், மிரட்டினாள், பிள்ளைமேல் சத்தியம்கூடக் கேட்டாள். ஊஹூம்.

எல்லாம் அந்தப் பவுனம்மாள் தூண்டிவிட்ட வேலை. இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நாலு குடிசை தள்ளி இருந்த அவள் வீட்டுக்குள் நுழைந்தாள்.

பவுனம்மாள் பாயில் சுருண்டு கிடந்தாள். முகம் வீங்கி, உதடெல்லாம் வெடித்திருந்தது. தலைக்கு மேலே கூரையில் காய்ந்த பச்சிலைக் கட்டுகள் வரிசையாகத் தொங்கின. பத்துக்கு மேல் இருக்கும்.

"எல இல்ல, எல இல்லன்னியே, இது இன்னாக்கா? இவ்ளோத்த வூட்ல வெச்சிகினா மூணு மாசமா என்னை ஏமாத்தின?"

பவுனம்மாள் சுவரைப் பிடித்து உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். மருந்து கொடுக்கிறவள் பத்து நாள் தானே குடித்துப் பார்க்க வேண்டும். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் அடுத்தவர் வாயில் ஊற்றலாம். ஒவ்வொரு கட்டும் ஒவ்வோர் இடத்தில் பறித்தது. ஆற்றோரம், நெட்டுக்குப்பம், சாத்தாங்காட்டு இரும்புக் கடைகளுக்குப் பின்னால், கடைசியாக மீஞ்சூர் தாண்டி. போன இடமெல்லாம் மண்ணில் அனல்மின் நிலையச் சாம்பல், தண்ணீரில் எண்ணெய். ஒரு கட்டுகூடப் பத்து நாளைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் வாந்தி, ஐந்தாம் நாள் வீக்கம். வெளியே எறிந்தால் ஆடு தின்று சாகுமே என்று கூரையில் கட்டி வைத்திருக்கிறாள். இனிமேல் தேடிப் போக இடமும் இல்லை, காலில் தெம்பும் இல்லை.

ரேச்சல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒத்துழைப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்தது அவள்தானே.

"மலராண்ட நீ ஒரு வார்த்த சொல்லுக்கா. மாத்திரைய மட்டுமாவது போட்டுக்கட்டும்."

ரெண்டு நாளாகக் காலில் விழாத குறையாகச் சொல்லிப் பார்த்தாயிற்று என்றாள் பவுனம்மாள். உன்னையே துரத்தினவர்கள் என்னை மட்டும் பிழைக்க வைப்பார்களா என்று மலர் கேட்கிறாளாம்.

ரேச்சல் நிமிர்ந்து கூரையில் தொங்கிய கட்டுகளைப் பார்த்தாள்.

"குடுக்க எலையே இல்லன்னு உனக்குத் தெரியும். அப்புறம் எதுக்குக்கா தெனமும் அந்த நாற்காலில வந்து குந்திகினு இருந்த?"

"எலைக்கா வந்தேன்? உன் மாத்திரை ஒவ்வொண்ணையும் நானே பத்து நாளு துன்னு பாத்துட்டு, பயப்படாம துன்னுங்கோன்னு எங்க பொண்ணுங்களுக்குச் சொல்லத்தான் சிஸ்டர் அங்க குந்திகினு இருந்தேன்."