எக்காளக்காரங்களை வீட்டுக்குப் போகச் சொன்னேன்

கதவு ரெண்டு விரல் அகலம் திறந்துச்சு. மருத்துவச்சி சுசன்னாவோட முகம் மட்டும் தெரிஞ்சுது.

"பொண்ணு. தாயும் நல்லாருக்கா. உள்ள வராதீங்க."

கதவு மூடிருச்சு.

அண்ணே, என் பொண்டாட்டி அலீசு பொழைச்சுட்டான்னு எனக்கு மொதல்ல அழுகைதான் வந்துச்சு. விடிகாலையில இருந்து அவ கத்துனதைக் கேட்டுக்கிட்டே சொவத்துல சாஞ்சு நின்னு, காலெல்லாம் மரத்துப் போயிருந்துச்சு.

அடுத்த நிமிசம்தான் உறைச்சுச்சு. பொண்ணா?

உன் மூத்த மக பொறந்தப்ப அப்பா மூணு நாள் அண்ணிகூடப் பேசலையே, ஞாபகம் இருக்குல்ல? ஒயின் பீப்பாயைத் திறக்கவே விடல.

அது நம்ம சொந்த வீடு. நான் இங்க வீட்டோட மாப்பிள்ளை. பிரான்சுல இருந்து கடல் தாண்டி, எருசலேம் சீமையில இருக்குற இந்தத் தீருப்பட்டணத்துக்கு வந்து பதினோரு மாசம்தான் ஆச்சு. இந்த வெயிலுக்கு மூக்குத் தோலு இன்னும் உரிஞ்சுக்கிட்டே இருக்கு. வாரிசு வேணும்னுதான் என்னைத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. இதுக்கும் லாயக்கில்லன்னு துரத்தி விட்டா எங்க போவேன்? நிலமெல்லாம் உனக்கு. எனக்கு அப்பா குடுத்தது ஒரு குதிரை. அதுவும் நடுக்கடல்லயே செத்துப் போச்சு.

கீழ முற்றத்துல ஊரே கூடி நின்னுச்சு. எக்காளக்காரங்க ஆறு பேரும் எக்காளத்தை வாயில வச்சுக்கிட்டு தயாரா இருந்தாங்க.

பாதிப் படி இறங்கி, தலையைக் குனிஞ்சுக்கிட்டே கையை ஆட்டுனேன். ஊத வேணாம், வீட்டுக்குப் போங்க.

ஒருத்தன் தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சான். ஒரு பொம்பளை ஓன்னு அழ ஆரம்பிச்சா. குழந்தை செத்துப் போச்சுன்னு நெனச்சுட்டாங்க!

மேல ஜன்னல் படார்னு திறந்துச்சு. அலீசோட சித்தி எஷிவா. தாயில்லாத அவளை வளத்து ஆளாக்குனவங்க.

"மாப்ளே! என்னய்யா பண்ற அங்க?"

"பொண்ணு பொறந்திருக்கு சித்தி... அதான்..."

"பொண்ணு பொறந்தா எழவா? அலீசோட அம்மா என்ன ஆம்பளையா? அவ பாட்டி? மூணு தலைமுறையா இந்த வீட்டுல எல்லாமே பொண்ணு வழியாத்தான்யா வருது. மாப்பிள்ளைங்க கப்பல்ல வந்து எறங்குறீங்க, அவ்வளவுதான். ஊதச் சொல்லுய்யா!"

முற்றமே சிரிச்சுச்சு. அழுதாளே, அந்தப் பொம்பளைதான் எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சா. எக்காளக்காரங்களுக்குச் சிரிப்பு அடங்கல, மொதல் ஊதல் வெறும் காத்தாத்தான் வந்துச்சு. யாரோ சர்க்கரைப் பாதாமை அள்ளி வீசுனாங்க. ஒண்ணு நேரா என் கண்ணுலயே பட்டுச்சு.

சித்தி குழந்தையைக் கொண்டாந்து என் கையில குடுத்தாங்க. எடையே இல்ல அண்ணே. செவசெவன்னு, சுருங்கிப் போய், யார் மேலயோ பயங்கரக் கோவத்துல இருந்தா.

படியில நின்னு அவளைத் தூக்கிக் காட்டுனேன். சத்தம் மெல்ல அடங்குச்சு. கோட்டைத் தலைவருங்க, வியாபாரிங்க, கண்ணாடி ஊதுறவங்க, எல்லாரும் ஒவ்வொருத்தரா மண்டி போட்டாங்க. என்னைப் பாத்து இல்ல. அவளைப் பாத்து.

"எருசலேமோட அடுத்த ராணி"ன்னு முன்னால இருந்த ஒரு பெரியவர் சொன்னாரு.

எனக்கு என்ன தோணுச்சோ தெரியல. அவளைச் சித்திகிட்ட குடுத்துட்டு, நானும் படியிலயே மண்டி போட்டுட்டேன்.

பிஷப் பதறிப் போய் ஓடி வந்து என் தோளைப் பிடிச்சாரு.

"எழுந்திரிங்க ராஜா. நீங்க மண்டி போடக் கூடாது."

நான் கேக்கல அண்ணே. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.