பதினாறாம் நாள் வீடியோ

கஞ்சியில் உப்புக் குறைவு என்றார் அப்பா. நான் உப்பை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் போய்விட்டார்.

பதினைந்தாம் நாள் காலை, பாகூரில் அரிகரனின் ஸ்டுடியோவில் அண்ணனோடு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கருமாதிப் பந்தலில், வாடகைக்குச் சொல்லியிருந்த பெரிய எல்இடி திரையில் அப்பாவின் அஞ்சலி வீடியோ ஓட வேண்டும். எடிட்டிங் சாஃப்ட்வேர் திறக்க மறுத்தது. முகப்புப் படம் வரும், சுற்றும், மறையும்.

“நேத்துலேர்ந்து இப்படித்தாண்ணே,” என்றான் அரிகரன். அவன் எங்கள் தெருக்காரன், அப்பாவைப் பெரியப்பா என்பான். அப்பா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கக் கூப்பிட்ட குரலுக்கு வந்தவன்.

அந்த எட்டு மாதத்தில் அண்ணன் சிவப்பிரகாசம் ஒருமுறைகூட வரவில்லை. வில்லியனூரிலிருந்து எங்கள் ஊர் சோரியாங்குப்பத்துக்கு பைக்கில் ஒரு மணி நேரம்தான்; வந்து சேர அவனுக்கு எட்டு மாதம் பிடித்தது. அதுவும் சாவுக்கு. எப்போது வருமென்று யாருக்கும் தெரியாத கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தலில் அவன் நிற்கப் போகிறான். தந்தையைப் பார்த்துக்கொண்ட மகன் என்ற பெயர் அதற்குத் தேவைப்பட்டது.

காட்சிகளை அவனே தயார் செய்திருந்தான். அப்பாவின் சட்டையைத் தன் மாமனாருக்கு மாட்டி, முதுகு தெரிய உட்கார வைத்துக் கஞ்சி ஊட்டியிருந்தான். மாமனாருக்கு நல்ல பசி போலிருக்கிறது, நிஜமாகவே குடித்திருந்தார். என் கல்யாணப் போட்டோவில் அப்பா ஆசீர்வதிப்பது என் கணவரை. அந்தத் தலையை எடுத்துவிட்டுத் தன் தலையை வைக்கச் சொன்னான்.

திரையில் ஓடிவிட்டால் ஊர் நம்பிவிடும். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டியவன் அவன் என்றே ஆகிவிடும். ஆனால் கருமாதி முடியும்வரை சண்டை போட மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தேன்.

அரிகரன் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். வைரஸ் தடுப்பை நீக்கினான். தேதியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தான். திருபுவனை ஃபாக்டரியில் கம்ப்யூட்டர் பார்க்கும், அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் போனில் சொன்னபடி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். படம் வந்தது, சுற்றியது, மறைந்தது.

நடுவில் பக்கத்துத் தெரு ஜெயசுதா வந்து தன் மகளின் காதுகுத்து வீடியோவைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டாள். பாட்டை மாற்றினாயா என்று கேட்டாள். இன்று காலையில்தான் மாற்றினேன் என்றான் அரிகரன். அண்ணன் போனில் கத்திக்கொண்டிருந்தான்.

கடைசியில் காரணத்தை அண்ணனே கண்டுபிடித்தான். காரியம் முடியும்வரை ஆவி அடங்காதாம், அப்பாதான் கோபத்தில் தடுக்கிறாராம். கடையிலிருந்து கற்பூரம் வாங்கி வந்து, மானிட்டரில் தெரிந்த அப்பாவின் போட்டோவுக்குக் காட்டினான். கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

“எப்பா, இன்னாத்துக்குப்பா இம்மாங் கோவம்? நாளிக்கி ஒரு நாளு வுட்டுடுப்பா.”

அரிகரன் கற்பூரத்தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு மறுபடி அழுத்தினான். வந்தது, சுற்றியது, மறைந்தது. அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. எல்இடி திரை வேண்டாம் என்று போனில் சொல்லிக்கொண்டே வெளியே போனான். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

கல்யாண சீசன் வரும் நேரத்தில் உன் பிழைப்புக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அரிகரனிடம் வருத்தப்பட்டேன். அவன் சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் அளவில் எதையோ எடுத்துக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகினான். அது செருகியிருந்தால்தான் சாஃப்ட்வேர் திறக்குமாம். உடனே திறந்தது.

“ஏன்டா இப்பிடிப் பண்ண?” என்றேன்.

“நான் இன்னாக்கா பண்ணட்டும்? ‘நான் போனப்பறம் எம் பெரிய மவன் வந்து வீடியோ கேப்பான், தெறக்காத’ன்னு பெரியப்பாதான் போன மாசமே சொல்லி வெச்சாரு.”