ஜும்மாவுக்குப் போனவர்

"வாப்பா போயிட்டாங்க மகள். மூணு நாளாச்சு. நான் தனியத்தான் இருக்கேன்."

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஷஹ்மா நிமிர்ந்து பார்த்தாள். திங்கட்கிழமைகளில் பேராதனையில் வேலை முடிந்ததும் இரண்டு பஸ் மாறி, கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் தாய்வீட்டுக்கு வந்து போவாள். அவளுடைய தாய் ஹவ்வா உம்மா யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க போனாங்க உம்மா?"

"வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் போனாங்க. இன்னும் வரல்ல."

குசினியிலிருந்து தேங்காய் துருவும் சத்தம் வந்தது.

"அந்தா, வாப்பா குசினியிலதானே இருக்காங்க."

"அது வேற யாரோ." ஹவ்வா உம்மா குரலைத் தாழ்த்தினார். "சோறு வைக்கிறாரு, மருந்துக் குளிச தாராரு, போறாரு. வாப்பா எப்ப வருவாங்கன்னு அவருக்கிட்டயும் கேட்டுப் பார்த்தேன். காது கேக்காத மனிசன் போல."

"பயமா இருந்திச்சா உம்மா?"

"பயமில்ல. பொழுதுதான் போகமாட்டேங்குது. எப்ப மணிக்கூட்டப் பார்த்தாலும் பத்து மணியாவே இருக்கு. வாப்பாவ பஸ் கிஸ் அடிச்சிருந்தா யாராவது வந்து சொல்லியிருப்பாங்கல்ல?"

உம்மா கிழமையை மறந்தார், பேரப்பிள்ளைகளின் பெயரை மறந்தார். வாப்பாவை மட்டும் இதுவரை மறந்ததில்லை. ஷஹ்மா தாயின் கையைத் தடவிக்கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.

அவளுடைய தந்தை லாபிர் குனிந்த தலை நிமிராமல் துருவிக்கொண்டிருந்தார். நாலு வருஷமாக மனைவியை ஒற்றை ஆளாகப் பார்த்து வருபவர்.

"வாப்பா, உம்மாக்கு மறதி வருத்தம் நல்லாக் கூடிட்டு. உங்களையே தெரியல்ல. மூணு நாளா நீங்க வீட்டுலயே இல்லையாம்."

அவர் அடுத்த தேங்காய்ப் பாதியைக் கையில் எடுத்தார்.

"டொக்டர் சொன்னாருதானே, இந்த வருத்தத்துல அஞ்சு நிமிஷம் தனிய இருந்தாலும் அஞ்சு நாள் மாதிரி இருக்கும்னு. கிளினிக் திகதிய முன்னுக்கு எடுப்போமா?"

ஷஹ்மா அவர் தோளில் கை வைத்தாள்.

"நீங்க மனசுல எடுக்காதீங்க வாப்பா. ராப்பகலா பக்கத்துலயே இருக்கீங்க. அவங்களுக்குத்தான் அது விளங்கல்ல."

துருவுகிற சத்தம் நின்றது.

"அவளுக்கு நல்லா விளங்கியிருக்கு மகள்." லாபிர் தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழம பள்ளிவாசலால வந்து செருப்பக் கழட்டினேன். 'எங்க போனீங்க'ன்னு கேட்டா. ஜும்மாவுக்குன்னு சொன்னேன். திரும்பவும் கேட்டா. நாப்பது தரமாவது கேட்டிருப்பா. அதுக்குப் பொறகு இந்த நிமிஷம் வரைக்கும் நான் அவளோட ஒரு வார்த்த பேசல்ல."