சுவருக்கு அந்தப் பக்கம்

"இனி அவ தட்ட மாட்டா டாக்டரம்மா. ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு நேரா இங்கனதான் வாரேன்!"

வழக்கில் ஜெயித்தவனைப் போல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான் ரெக்சன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். போன வாரம் கண்டெய்னரை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு, கேபினுக்குள்ளேயே தூங்கிப்போனான். கீழே நின்றவர்கள் தப்பியது அவர்கள் செய்த புண்ணியம். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் இனி கிரேனில் ஏறக் கூடாது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

"யாரு தட்ட மாட்டா?" என்றார் டாக்டர் ஜெமிமா, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பக்கத்து வீட்டுக்காரி. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தைச் சுவரு. நான் கண்ணசந்தா போதும், எதையோ எடுத்து டம்மு டம்முனு இடிக்கா. விடிய விடிய இதே வேலை. அப்புறம் பகல்ல தூக்கம் வராம என்ன செய்யும்? அதைத்தான் நீங்க லெட்டர்ல எழுதணும்."

"எதுக்கு இடிக்காங்களாம்?"

"எல்லாம் வயித்தெரிச்சல். பதினோரு வருஷப் பகை. இன்னைக்கு இன்ஸ்பெக்டர் முன்னால என்னமோ சொல்ல வாயெடுத்தா. நான் விடுவேனா? போட்ட சத்தத்துல அழுதுகிட்டே கையெழுத்துப் போட்டுட்டா."

சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். உள்ளே காகிதம் சரசரத்தது.

"நீங்க குறட்டை விடுவீங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்காரி குவைத்துல நர்ஸு. இங்கன நான் ஒத்தையாளு."

"கழுத்து பதினேழரை இஞ்ச். சாயங்காலமானா குடி. மல்லாக்கப் படுக்கை. தூக்கத்துல நாக்கு பின்னால சரிஞ்சு தொண்டையை அடைக்கும். இருக்கிற இடுக்குல காத்து போகும்போது வர்ற சத்தம்தான் குறட்டை. முழுசா அடைச்சிட்டா மூச்சே நின்னுரும்."

"குறட்டை விடாத ஆம்பளை உண்டா டாக்டரம்மா? ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க, போதும்."

"இதுக்கு மாத்திரை கிடையாது. குடியை நிறுத்தணும், எடையைக் குறைக்கணும், ஒருச்சாய்ச்சுப் படுக்கணும். உங்களுக்கு அது மட்டும் பத்தாது. மூக்குல மாஸ்க் மாட்டி, காத்தை உள்ள தள்ளுற மெஷின் வேணும். வந்து சேர ஒரு வாரம் ஆகும்."

"மெஷின் எதுக்கு? அதான் அவ வாலை ஒட்ட நறுக்கியாச்சே!"

டாக்டர் கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினார். முந்தாநாள் ராத்திரி மாட்டிக்கொண்டு படுக்கச் சொல்லி அவனிடம் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்திருந்தார். அதில் பதிவானதை ஓடவிட்டார்.

அறைக்குள் குறட்டை கிளம்பியது. பழைய விசைப்படகை ஸ்டார்ட் செய்வது மாதிரி இருந்தது. ரெக்சனுக்கே வெட்கமாகப் போய்விட்டது. திடீரென்று சத்தம் நின்றது.

"என்ன, முடிஞ்சிட்டா?"

"இல்ல. உங்க மூச்சு நின்னுட்டு. எண்ணுங்க."

ரெக்சனின் உதடுகள் தாமாக அசைந்தன. "அருள் நிறைந்த மரியே வாழ்க..." என்று செபத்தைச் சொல்லித்தான் எண்ணினான். டாக்டர் அவனை விசித்திரமாகப் பார்த்தார்.

ஒரு மரியே முடிந்தது. இரண்டு. மூன்று. மூச்சு வரவில்லை. முந்தாநாள் கதைதானே, இப்போது உயிரோடுதானே உட்கார்ந்திருக்கிறோம் என்பதெல்லாம் அவனுக்கு மறந்துபோனது. நான்கு. நெற்றி வேர்த்தது. ஐந்து.

டம் டம். டம்.

உடனே ஒரு பெரிய திணறல். மறுபடி குறட்டை.

"கேட்டீங்களா! அவதான்! அவளேதான்!" துள்ளி எழுந்தான் ரெக்சன்.

"உக்காருங்க. ஐம்பது செகண்டுக்கு மேல உங்க மூச்சு நின்னது மொத்தம் இருபத்து மூணு தடவை. அவங்க தட்டுனதும் இருபத்து மூணு தடவை. நீங்க ஒழுங்கா மூச்சு விட்டப்ப ஒரு தட்டு கூட இல்ல, ரெக்சன்."

"அப்படின்னா..."

"தட்டுனதால உங்க தூக்கம் கெடல. மூச்சு நின்னதாலதான் தட்டியிருக்காங்க. தானாவே முழிப்பு வந்து மூச்சு திரும்புறது உண்டு. ஆனா எல்லாத் தடவையும் திரும்பும்னு நான் எழுதித் தர முடியாது."

ரெக்சனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்று ராத்திரி தட்ட ஆளில்லை. வேண்டாம் என்று அவனே அல்லவா சத்தம் போட்டு எழுதி வாங்கியிருக்கிறான்!

"அந்தப் பேப்பரைக் குடுங்க," என்று வாங்கிப் படித்தார் டாக்டர். "புகார் கொடுத்தவர் ரெக்சன், தகப்பனார் பெயர் சந்தியாகு. எதிர்த் தரப்பு விஜிலா, தகப்பனார் பெயர்..." நிமிர்ந்து பார்த்தார். "சந்தியாகு."

"தங்கச்சி," என்றான். அவசரமாகப் போனை எடுத்தான். பிறகுதான் உறைத்தது, அவள் நம்பர் அவனிடம் இல்லை.

"விடிய விடிய முழிச்சிருந்து தட்டியிருக்காங்களே! அதுவும் அந்த ஐம்பது செகண்டு அவங்களுக்கு எப்படித் தெரியுது?"

ரெக்சன் விரலை மடக்கி மேஜை விளிம்பில் தட்டினான். இரண்டு. பிறகு ஒன்று. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அப்பா சங்கு குளிக்கக் கடல்ல இறங்குனா, வள்ளத்துல இருந்து நானும் அவளும்தான் எண்ணுவோம். அஞ்சு மரியே முடிஞ்சும் ஆளைக் காணலன்னா விளிம்புல இப்படித்தான் தட்டுவோம் டாக்டரம்மா... 'போதும், மேல வந்துரு'ன்னு அர்த்தம்."