டூப்ளிகேட் கை

சாயங்கால வெயில் கார் ஷெட்டுக்குள் சாய்ந்து விழுகிறது. கட்டுப்போட்ட இடது கையை மார்போடு அணைத்தபடி, கணவன் எதையும் மாற்றவிடாத பழைய காரின் முன்னால் உட்கார்ந்து அவள் இண்டிகேட்டர் மூடியைக் கழற்றுகிறாள். ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொள்கிறாள். உள்ளே துருவேறிக் கறுத்த தகடு, மின்மினிப்பூச்சி போல மங்கிய ஒரு பல்பு. "நீங்க சிக்னல் போட்டதே தெரியலம்மா" என்று, திருப்பத்தில் எதிரே வந்து மோதிய லாரிக்காரர் சொன்னது இன்னும் காதில் எரிகிறது. "புது பல்பு மாட்டினா வண்டி ஒரிஜினலா இருக்காதே," என்கிறான் பின்னால் நிற்கும் கணவன். அவள் ஸ்க்ரூவைத் துப்புகிறாள். "என் கை மட்டும் டூப்ளிகேட்டா? அடிபட்டுக் கிடந்தப்ப வந்தீங்களே, முதல்ல எதைத் தடவிப் பார்த்தீங்க? என்னையா, பம்பரையா?" வெளிச்சம் எதிரொளிக்கத் தகட்டின் மேல் வெள்ளித்தாளை ஒட்டி, புது பல்பைத் திருகி, பக்கத்து பார்க்கிங் லைட்டுக்கும் அதையே செய்து, மூடிகளை மாட்டிவிட்டு, அவள் உள்ளே எட்டி இண்டிகேட்டர் ஸ்விட்சைப் போடுகிறாள். மஞ்சள் வெளிச்சம் அவன் முகத்தில் அறைந்து அறைந்து விலகுகிறது. அவன் கையால் கண்ணை மறைக்கிறான். "கண்ணு கூசுது, அணைச்சிடு." "கூசட்டும்," என்கிறாள் அவள். "இப்பவாவது தெரியுதுல்ல!"