இடது விலா

ஆணுக்கும் பெண்ணுக்கும் விலா எலும்புகளின் எண்ணிக்கை ஒன்றுதான் என்று மருத்துவக் கல்லூரியில் எலும்புக்கூட்டைத் தொட்டுக் காட்டிப் பாடம் நடத்துவார் டாக்டர் அருமைநாயகம். ஆதாமின் விலாவிலிருந்துதான் ஆண்டவர் ஏவாளை உண்டாக்கினார் என்று ஞாயிறு பள்ளியில் அதே வாயால் சொல்லுவார். அவர் மனைவி எப்சிபாவுக்கு இது வேடிக்கை. அவருடைய இடது விலாவில் விரலை அழுத்தி, "என்னை இங்க இருந்துதான் எடுத்தாரு. எண்ணிப் பாருங்க, ஒண்ணு குறையும்" என்பாள். அவரும் ஒவ்வொரு முறையும் எண்ணிக் காட்டுவார். குறைந்ததே இல்லை.

அவளைக் கல்யாண மோதிரத்தோடு அடக்கம் செய்த மறுவாரம், அதே இடத்தில் அவருக்கு வலி கண்டது. எக்ஸ்ரே அறையில் டெக்னீசியன் சொன்னபடி இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, மூச்சை அடக்கி நின்றார்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டெக்னீசியன் முகம் சுளித்தான். "கையை இடுப்புலயே வெச்சிருக்கச் சொன்னேன்ல சார்? பாருங்க, படத்துல இடது விலா மேல ஒரு விரல் விழுந்திருக்கு. மோதிரத்தோட."

அருமைநாயகம் மோதிரமில்லாத தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"இன்னொண்ணு எடுத்துருவமா சார்?"

"வேண்டாம்" என்று படத்தை வாங்கி உறையில் போட்டார். இந்த முறை எண்ணிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.